வில்லோடு மான் வேட்டைக்குத் தயாராவது: மிச்சிகனில் இருந்து கேள்வியும் பதிலும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறேன். ஜூலை பிறந்தால் போதும், இங்கே வேலைக்கு வந்த தமிழ் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி. எதில் தவறினால் மானுக்கு வலியோ நமக்கு ஆபத்தோ வருமோ, அதில் அதிகம் பேசியிருக்கிறேன்.

எந்த மான்? எப்போது வேட்டையாடலாம்?

வெண்வால் மான். பயந்து ஓடும்போது வாலை நிமிர்த்தி அடிப்பக்கத்து வெள்ளையைக் காட்டும், அதனால் அந்தப் பெயர். மாநிலத்தில் ஏறக்குறைய 20 லட்சம் இருக்கின்றன. சாலையில் வண்டியும் மானும் மோதுவது மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் பதிவாகிறது. மிச்சிகன் மேல், கீழ் என்று இரண்டு தீபகற்பங்களாக இருக்கிறது. ஓநாய்கள் வடக்கே உள்ள மேல் தீபகற்பத்தில்தான் உண்டு. மற்ற இடங்களில் மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களுடையது.

வில்லுக்கு வழக்கமான காலம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிக் காலம். பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடியும் வில். துப்பாக்கிக் காலத்திலும் வில்லோடு போகலாம், ஆனால் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயம். ஒவ்வோர் ஆண்டும் மாநில இயற்கை வளத் துறை வெளியிடும் விதிநூலைப் புதிதாகப் படியுங்கள். போன வருட நினைவை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

நான் விசாவில் இருக்கிறேன். உரிமம் கிடைக்குமா? வேறு என்ன வேண்டும்?

கிடைக்கும். கூட்டாட்சிச் சட்டப்படி வில் துப்பாக்கி வகையில் சேராது, அதனால் விசாவில் இருப்பவர்களுக்கான துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதை முடிக்க நேரமில்லை என்றால் பழகுநர் உரிமம் வாங்கிக்கொண்டு, 21 வயது நிரம்பிய, உரிமமுள்ள ஒருவரோடு சேர்ந்து போகலாம். அப்படிப் போவது இரண்டு ஆண்டு வரைதான். நான் சொல்வேன், பயிற்சியையே முடித்துவிடுங்கள். அங்கே சொல்லித்தரும் விஷயங்கள் உயிர் காப்பவை.

மானை எடுத்தவுடன் உரிமத்தோடு வரும் சீட்டை அதன் மேல் கட்ட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

துப்பாக்கி இருக்கும்போது ஏன் வில்?

நெருங்கிப் போக வேண்டும் என்பதால்தான். துப்பாக்கிக்காரர் நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து முடித்துவிடுவார். வில்லுக்கு மான் இருபது, இருபத்தைந்து கஜத்துக்குள் வர வேண்டும். அந்தத் தூரத்தில் அது மூச்சு விடுவதும் ஓக் கொட்டையைக் கடிப்பதும் காதில் விழும்.

இந்த மாநிலத்துக்கு இதில் பழைய பந்தம் உண்டு. மாநிலத்தின் முதல் வில் வேட்டைக் காலம் 1937-இல் வந்தது. வில் வேட்டையைப் பிரபலமாக்கிய ஃபிரெட் பேர் இங்கே கிரேலிங் என்ற சிற்றூரில் வில் தொழிற்சாலை நடத்தினார். மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்று கடையில் தொங்கும் வில்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

எத்தனை பவுண்டு வில் வாங்கட்டும்?

முதலில் உங்கள் கைக்கு அளவெடுங்கள், எடையை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசையை, பிறகு பார்க்கலாம். இரு கைகளையும் விரித்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால், நாணை எவ்வளவு நீளம் இழுக்கலாம் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 68 அங்குலம் என்றால் 27 அங்குலத்துக்குச் சற்று மேல். அளவு பொருந்தாத வில்லில் எத்தனை பழகினாலும் அம்பு சொன்ன இடத்தில் போகாது. கடையில் இதைச் சரிபார்த்து, உங்கள் கையிலேயே வைத்துத் திருத்திக் கொடுப்பார்கள்.

எடைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல் நேராக நீட்டி, மெதுவாக இழுங்கள். முடிகிறதா? அதுதான் உங்கள் எடை. குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகும் இப்படித்தான் இழுக்க வேண்டியிருக்கும். 50 பவுண்டில் கூர்மையான அம்பு ஒரு மானுக்குத் தாராளம். 70 பவுண்டு வாங்கித் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழுதாக இழுத்த பிறகு கப்பி சுமையை வாங்கிக்கொள்ளும். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் குறைந்தால் கையில் நிற்பது 12 பவுண்டுதான். அப்புறம் ஒரு எச்சரிக்கை: அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. விசை போக வழியில்லாமல் வில்லின் கையே உடைந்து முகத்தில் அடிக்கும்.

அம்பு, அம்புமுனை பற்றி?

கார்பன் அம்பு, முனையோடு சேர்த்து 400 முதல் 450 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறு எடை அளவு) இருந்தால் நல்லது. எடை அதிகமானால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஊடுருவும், வில்லும் சத்தம் குறைத்துப் பேசும். ஒவ்வொரு அம்பையும் எய்வதற்கு முன் காதருகே மெதுவாக வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் சன்னமாக முறுகும் சத்தம் கேட்கும். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாண் அடிக்கும் வேகத்தில் சிதறிக் கையில் பாயும்.

முனை இரண்டு வகை: அலகு நிலையாக நிற்பவை, பட்டவுடன் விரிபவை. குறைந்த பவுண்டு வில்லுக்கு நிலையான அலகைத்தான் சொல்வேன். விரிவதற்கே கொஞ்சம் விசை செலவாகும் இல்லையா? எதுவானாலும் முழங்கை மயிரை மழிக்கும் கூர்மை வேண்டும். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. மழுங்கிய அலகு ரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய்விடும்.

பழகும் முனையும் வேட்டை முனையும் ஒரே எடையானாலும் ஒரே இடத்தில் படும் என்று நினைக்காதீர்கள். பருவத்துக்கு முன் வேட்டை முனையை மாட்டியே எய்து பாருங்கள். இரண்டும் விலகினால் வில்லைத் திருத்த வேண்டும். பிறகு அலகை மாற்றியோ தீட்டியோ வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் பழக வேண்டும்? எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம்?

ஜூலையில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு முப்பது அம்பு, மனம் வைத்து. களைத்த பிறகு எய்யும் ஒவ்வொரு அம்பும் கெட்ட பழக்கத்தைத்தான் சொல்லித்தரும். முதல் சில வாரம் இலக்குப் பொதிக்கு மூன்று கஜம் முன்னால் நின்று கண்ணை மூடி எய்யுங்கள். குறி பார்க்கும் கவலை இல்லாதபோது உடம்பு சரியாக நிற்கக் கற்றுக்கொள்ளும். ஆகஸ்டில் உட்கார்ந்து, முழங்காலில் நின்று, உயரத்திலிருந்து, வேட்டைக்குப் போடும் தடித்த சட்டையோடு. நாண் சட்டைக் கையில் உரசுகிறது என்பது வீட்டுப் புல்வெளியில் தெரிந்தால் நல்லது, காட்டில் தெரிந்தால் தாமதம். செப்டம்பரில் காலையில் எழுந்ததும் ஒரே ஓர் அம்பு. முன்பயிற்சி இல்லை, இரண்டாவது வாய்ப்பும் இல்லை. அது எங்கே பட்டது என்று குறித்து வையுங்கள். காட்டில் கிடைப்பது அந்த ஒரு அம்புதான்.

தூரத்துக்கு ஒரு காகிதத் தட்டு போதும். எட்டு அங்குலத் தட்டை வைத்து, எந்தத் தூரம் வரை எல்லா அம்பும் அதற்குள் விழுகிறதோ அதுதான் புல்வெளியில் உங்கள் எல்லை. பத்தில் எட்டு என்பது கணக்கில் சேராது. காட்டில் அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். நான் பொதியில் 50 கஜம் எய்வேன், மானுக்கு 25 கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காரணம் கையில் மட்டும் இல்லை, மானின் காதிலும் இருக்கிறது. நொடிக்கு 280 அடி போகும் அம்பு 30 கஜத்தைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாணின் சத்தமோ நொடிக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. அம்பு போவதற்கு ஏறத்தாழக் கால் நொடி முன்பே சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழும். அந்த இடைவெளியில் அதன் உடம்பு அம்பின் வழியிலிருந்து கீழே இறங்கிவிடும். எவ்வளவு திறமை இருந்தாலும் இதை மாற்ற முடியாது, தூரத்தைத்தான் குறைக்க முடியும்.

எந்த இடத்தில் காத்திருப்பது?

மான் பகலில் படுக்கும் இடம் ஒன்று, மேயும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கும் வழியைத் தேடுங்கள்: வயல் மூலையில் நீளும் மரவரிசை, இரண்டு சதுப்புக்கு நடுவே மேடு, வேலி சாய்ந்த இடம். கொம்பை உரசிப் பட்டை உரிந்த இளமரங்களும், ஆண்மான் காலால் சீய்த்து மூத்திரம் விட்ட வெறும் மண் திட்டுகளும் அது நடமாடும் வழியைச் சொல்லும். செப்டம்பர், அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டை உதிரும் மரம் ஒன்று கிடைத்தால் அதை விடாதீர்கள். சிவப்பு ஓக் கொட்டையை விட அதில் துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தேடும்.

இடத்தை விட அங்கே போய்ச் சேரும் வழி முக்கியம். மான் மேயும் வயலைக் குறுக்கே கடந்து பரணுக்கு (மரத்தில் கட்டிய, காத்திருக்கும் மேடை) போனால் அந்த மாலை போயிற்று. சுற்றி நடக்க இருபது நிமிடம் கூடுதலாக ஆனாலும் சுற்றித்தான் போக வேண்டும்.

மக்காச்சோளம், கேரட் கொட்டி வைத்து மானை வரவழைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கீழ்த் தீபகற்பத்தில் 2019-இல் அதைத் தடைசெய்தார்கள், நோய் பரவுகிறது என்பதால். தீனிக் குவியலில் பத்து மான் வாய் வைப்பது நோய்க்கு விருந்து.

தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் போய், கோடையிலேயே கேளுங்கள். பொது நிலத்தில் பரண் வைத்தால் உங்கள் அடையாளம் அதில் எழுதியிருக்க வேண்டும், மரத்தைத் துளைக்கும் திருகுப் படிகள் கூடாது.

நம் வீட்டுச் சமையல் வாசனை மானுக்குத் தெரியுமா?

தெரியும். நம் ஆட்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், நல்ல கேள்வி. கடுகு வெடித்த எண்ணெயும் பெருங்காயமும் சாம்பிராணியும் துணியில் ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. வேட்டைத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் கராஜில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். காட்டில் வண்டியை நிறுத்திய பிறகு அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். வாசனையில்லாத சோப்பில்தான் துவைக்க வேண்டும். வெள்ளையைப் பளிச்சிடச் செய்யும் சோப்புத்தூள் வேண்டாம், அது விட்டுச் செல்லும் நீலப் பளபளப்பு மானின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் அதற்கு மங்கல்தான்.

இத்தனை செய்தாலும் மனித வாடையை முழுதாக மறைக்க முடியாது. காற்றை நம்பித்தான் உட்கார வேண்டும். இங்கே வயலோரம் வளரும் ஒரு செடியின் காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். நம் எருக்கின் குடும்பம்தான் அது. சின்ன வயதில் எருக்கம்பஞ்சை ஊதி விட்டது போல ஒரு இழையைப் பரணிலிருந்து விட்டுப் பாருங்கள். அறுபது கஜம் தள்ளி உங்கள் மூச்சு எங்கே திரும்பும் என்று காட்டிவிடும். வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தில் இறங்கும். அதனால் காலையில் மேட்டிலும் மாலையில் பள்ளத்திலும் உட்காருவது வழக்கம். காற்று மான் வரும் பக்கம் வீசினால் அன்று அந்தப் பரணில் ஏறாதீர்கள். நல்ல பரணை ஒரே தவறான மாலையில் கெடுத்துவிடலாம்.

பரணில் ஏறுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நமக்குப் பரண் தெரியும். இங்கே பதினைந்து இருபது அடி உயரத்தில் மரத்தோடு பட்டையால் கட்டுகிறார்கள். வில் வேட்டையில் ஆளைக் கொல்வதும் முடமாக்குவதும் பெரும்பாலும் இந்த உயரம்தான்.

முழு உடல் கச்சை (விழுந்தால் தாங்கும் பட்டைகள், ஹார்னஸ்) அணியாமல் ஏறவே ஏறாதீர்கள். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்வது போதாது, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலர் விழுகிறார்கள். தரையிலிருந்து பரணுக்கு மேல் வரை தொங்கும் காப்புக் கயிற்றில், நழுவும் முடிச்சோடு உங்களை இணைத்துக்கொண்டே ஏறுங்கள். வில்லைத் தோளில் மாட்டி ஏறாமல், மேலே போன பின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள், அம்புமுனைகள் மூடியிருக்கட்டும். விழுந்து கச்சையில் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடத்திலேயே மயக்கம் வரும். கால் ஊன்ற ஒரு பட்டையும், கைக்கு எட்டும் பையில் போனும் வேண்டும். எந்த மரம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

போன வருடம் கட்டிவிட்டு வந்த பட்டையை நம்பாதீர்கள். வெயில் அரித்திருக்கும், அணில் கடித்திருக்கும், மரம் பருத்து இறுக்கியிருக்கும்.

மான் வந்துவிட்டது. எப்போது அம்பை விடலாம்?

பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது நம்மை விட்டுச் சற்றே விலகித் திரும்பி நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். விலகி நின்றால் மறுபக்கத்து முன்னங்காலை மனதில் வைத்துக் குறி பார்க்க வேண்டும். இரண்டு நுரையீரலும் அறுபட்டால் மான் பெரும்பாலும் சில நொடிகளில் நூறு கஜத்துக்குள் விழும்.

நேருக்கு நேர் நின்றால், பரணுக்கு நேர் கீழே நின்றால், நடந்துகொண்டே இருந்தால் விடாதீர்கள். நடக்கும் மானை நிறுத்த வாயால் மெல்ல ‘ம்மே’ என்பார்கள். நின்றுவிடும், ஆனால் உஷாராகவும் ஆகிவிடும், அதனால் மிக அருகில் மட்டும்.

அம்பு பட்டது, மான் ஓடிவிட்டது. இப்போது?

இறங்காதீர்கள். இதை எனக்கு யாராவது என் முதல் பருவத்திலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம். 38 கஜத்தில் ஒரு பெண்மானுக்கு விட்டேன். அது தாழ்ந்தது, திரும்பியது, அம்பு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. பதற்றத்தில் அரை மணியில் இறங்கிப் பின்னால் போனேன். படுத்திருந்த மானை நானே எழுப்பி விரட்டினேன். இரண்டாம் நாள்தான் கிடைத்தது, அதற்குள் நரி போன்ற கயோட்டிகள் தின்றிருந்தன. அந்த மான் அனுபவித்த இரவுக்கு என் அவசரம்தான் காரணம். 25 கஜம் என்ற எல்லை அன்றைக்கு வைத்துக்கொண்டது.

மான் கடைசியாக மறைந்த மரத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அம்பைப் பாருங்கள். குமிழோடு கூடிய இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், அரை மணி பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கிலிருந்து ஆறு மணி நேரம். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். மான் அருகிலேயே படுத்துவிடும், விரட்டினால்தான் மைல் கணக்கில் போகும். தேடும்போது ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் அருகே ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்துக்கொண்டே போங்கள், திரும்பிப் பார்த்தால் போன திசை தெரியும். வாரில் கட்டிய மோப்ப நாயோடு தேட மிச்சிகனில் அனுமதி உண்டு, உதவிக்கு வருபவர்களின் எண்ணைப் பருவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

ஒரே ஒரு வாரம்தான் லீவு. எந்த வாரம்?

நவம்பர் முதல் வாரம், முடிந்தால் இரண்டாவதையும் சேர்த்து. பகல் குறையக் குறைய இணைசேரும் பருவம் நெருங்கும். நம் பழைய சொல்லில் சொன்னால் கலைமான் பிணைமானைத் தேடி நடுப்பகலிலும் அலையும் நாட்கள் அவை.

இந்தக் கறியைச் சாப்பிடுவது பாதுகாப்பா?

மானுக்கு நாள்பட்ட மெலிவு நோய் என்று ஒன்று உண்டு. பிரியான் என்ற உருமாறிய புரதத்தால் வருவது, மூளையை அரிக்கும். 1967-இல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள். மிச்சிகன் காட்டு மானில் 2015-இல் தெரியவந்தது. சமைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை, என்றாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. நோய் கண்ட மாவட்டம் என்றால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை கறியை உறையவைத்து வையுங்கள். வடகிழக்குப் பகுதியில் மாட்டுக் காசநோயும் உண்டு, நெஞ்சுக்கூட்டின் உள்ளே கட்டிகள் தெரிந்தால் துறைக்குத் தெரிவியுங்கள்.

அப்புறம் உண்ணி. லைம் நோயைத் தருவது கருங்கால் உண்ணி, அக்டோபரிலும் ஏறும். துணியில் பெர்மெத்ரின் தெளித்துக் காயவைத்துப் போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஈரத்தோடு அதை அருகில் விடாதீர்கள், அதற்கு நஞ்சு.

கறியை எப்படிக் காப்பாற்றிச் சமைப்பது?

அக்டோபர் முதல் வாரம் இன்னும் வெம்மையாக இருக்கும். குடலை உடனே எடுத்து, உள்ளே ஐஸ் பைகளை வைத்து 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மான் கொழுப்பு மெழுகு போல நாக்கில் ஒட்டும், வெள்ளைச் சவ்வோடு சேர்த்து நீக்கிவிடுங்கள். ‘கவுச்சி அடிக்கிறது’ என்று பலர் சொல்வது அந்தக் கொழுப்பையும் தாமதமாக ஆறிய கறியையும்தான். முதுகுச் சதையை இரும்புக் கல்லில் மிளகும் உப்பும் போட்டுச் சட்டென்று வாட்டினால் போதும், அதிகம் வெந்தால் ரப்பர். தோள்கறியும் கழுத்தும் குக்கருக்கு. ஆட்டுக்கறிக்கு அரைக்கும் மசாலாவே பொருந்தும், கொழுப்பு இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளமாக.

ஊருக்குப் போகும்போது அங்கே இதைச் செய்யலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமான், கடமான் எதையும் வேட்டையாடுவது குற்றம். வில்லானாலும் அதேதான்.

இப்போது ஜூலை. இந்த வாரம் எதில் கை வைக்க?

வில்லைக் கடைக்குக் கொண்டுபோங்கள். நாண் நைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், புது நாண் இழுபட்டு நிலைக்கச் சில நூறு அம்பு ஆகும், செப்டம்பரில் கடையில் வரிசை வாசல் வரை நிற்கும். பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். பரண் பட்டைகளையும் கச்சையையும் வெளியே எடுத்து வெயிலில் விரித்து, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பாருங்கள். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.